ஆந்தை கக்கிய உருண்டையைப் பிள்ளைகளோடு பிரித்துப் பார்க்க: வடசென்னையில் முதன்முறை செய்பவர்களுக்கு

கூகை என்ற ஆந்தை எலியை மென்று தின்பதில்லை. பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடுகிறது. சதை செரித்துவிடும். மயிர், எலும்பு, பல், பூச்சி ஓடு ஆகியவை செரிக்காது. அவை அரைவைப்பையில் இறுகி உருண்டையாகி, சில மணி நேரம் கழித்து வாய் வழியாகவே வெளியே விழும். அந்த உருண்டையைப் பிரித்தால் உள்ளே ஓர் எலியின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். சில சமயம் இரண்டு மூன்று எலிகளும் கிடைக்கும். கத்தி வேண்டாம், இரத்தம் இல்லை, எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘யார் யாரைத் தின்கிறார்கள்’ என்பதைக் காட்ட இதைவிட நல்ல பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால், இதை வகுப்பறை மேசைக்குக் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், எப்படித் தூய்மை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் வாசலில் நின்றேன். கேட்ட இடங்களில் பாதியில் சிரித்தார்கள். மீதியில் மந்திரம் செய்யப் போகிறேனோ என்று சந்தேகப்பட்டார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் மாலை நேரப் படிப்பு மையமோ தொடக்கப் பள்ளி வகுப்போ நடத்துபவர் யாராவது இதை முயன்றால், அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். அடுத்த வாரம் அறிவியல் தினம், அதற்குள் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நேரே 7ஆம் படிக்குப் போய்விடுங்கள். அங்கே காடை எலும்பில் ஒரு மாற்று வழி இருக்கிறது.

1. வயதையும் எண்ணிக்கையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம். கையை வாயில் வைக்கும் பழக்கம் விடாத பிள்ளைக்கு இது ஏற்ற வேலை இல்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சரியான வயது. ஓர் உருண்டைக்கு இருவர் போதும். மூவர் என்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். நால்வர் என்றால் சண்டை வரும். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும். முதன்முறை பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். அதற்கு ஆறு உருண்டைகள் வேண்டும், உடைந்துபோவதற்கென்று கூடுதலாக இரண்டு.

2. காகிதங்கள்

மூன்று கடிதங்களும் ஒரு படிவமும் தேவை. சலிப்பாக இருந்தாலும் இதைத் தாண்டாதீர்கள்.

முதலாவது, சென்னை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு கடிதம். ஆந்தைகள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவைகள். பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் மட்டுமல்ல, கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். தானாகக் கக்கிக் கீழே விழுந்த உருண்டையைப் பெயர் சொல்லிச் சட்டம் பேசவில்லை. அந்த மௌனத்தை அனுமதி என்று நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன எடுக்கிறோம், எங்கிருந்து, எத்தனை, எதற்காக, முடிந்த பிறகு என்ன செய்வோம் என்ற ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘பறவையையோ கூட்டையோ தொட மாட்டோம், விற்பனை இல்லை’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சலில் அனுப்பினால் ரசீதைக் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். பதில் வந்த பிறகு எடுக்கப் போவதுதான் நல்லது. இதற்காகவே ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கச் சொன்னேன்.

இரண்டாவது, உருண்டை கிடக்கும் இடத்துக்கு உரியவரின் அனுமதி. தேவாலயம் என்றால் பங்குத் தந்தை, பள்ளி என்றால் தலைமையாசிரியர், கிடங்கு என்றால் மேலாளர். வாய்மொழி போதும் என்பார்கள். இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காவலாளி மாறினால் வாய்மொழி செல்லாது.

மூன்றாவது, உங்கள் பள்ளி அல்லது மையத்தின் தலைப்புத்தாளில், நீங்கள் யார், எதற்காக எடுக்கிறீர்கள் என்று ஒரு கடிதம். அந்தி நேரத்தில் கையுறையும் டார்ச்சும் பையுமாகப் பாழடைந்த கட்டடத்துக்கு அருகே நிற்பவரைப் போலீஸ் ரோந்து விசாரிப்பது நியாயம்தான். அப்போது இந்தத் தாள் பேசும்.

படிவம், பெற்றோரின் ஒப்புதலுக்கு. இதில் பூசி மெழுகாதீர்கள். ‘இயற்கை செயல்பாடு’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால், அன்று மாலையே வீட்டுக்குப் போன பிள்ளை ‘எலி எலும்பை எடுத்தேன்’ என்று சொல்லும்; மறுநாள் காலை நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இப்படி எழுதலாம்: ‘ஆந்தை விழுங்கிய எலி, மூஞ்சூறு போன்றவற்றின் எலும்புகளும் மயிரும் அடங்கிய உருண்டையை, அதிக வெப்பத்தில் தூய்மை செய்த பிறகு, கையுறை அணிந்து பிரித்துப் பார்க்கும் வகுப்பு இது. உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை, கையில் ஆறாத புண் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குறிப்பிடவும். எலும்பைத் தொட விருப்பமில்லை என்றால் வரைபடம் வரையும் பணி தரப்படும்.’

கடைசி வரி முக்கியம். புலால் தொடாத குடும்பங்கள் சவுகார்பேட்டையிலும் புரசைவாக்கத்திலும் மட்டுமல்ல, உங்கள் தெருவிலும் இருப்பார்கள். ஆந்தை என்றாலே அபசகுனம் என்று நினைக்கும் பாட்டி பல வீடுகளில் இருப்பார். அவர்களோடு வாதாட வேண்டாம். எண்ணி எழுதுவதும் படம் வரைவதும் வகுப்பில் உண்மையிலேயே தேவையான பணிகள். ஒதுக்கிவைத்தது போல இராது.

3. மாதம்

ஜனவரியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உருண்டைகளைக் கரைத்துவிடும். கூரைக்கு அடியில் விழுந்ததுகூடப் பூசணம் பிடிக்கும். மார்ச்சுக்குப் பிறகு தேர்வு, அதன் பின் விடுமுறை. தீபாவளியையொட்டிய வாரங்களில் ஆந்தை பற்றி வெளியில் பேசவே வேண்டாம். பில்லி சூனியம் என்று சொல்லி ஆந்தையைப் பிடித்து விற்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள், அந்தப் பருவத்தில் கூடுதலாகத் தேடுவார்கள்.

4. தேடுவது

நம் பக்கத்தில் அதிகம் காணக்கூடியவை இரண்டு. ஒன்று கூகை: வெளிறிய நிறம், இதய வடிவ முகம், இரவில் கீச்சென்று கத்தும். கட்டடங்களில் தங்கும். அதன் உருண்டை பிள்ளையின் கட்டைவிரலைவிடப் பெரியது, 3 முதல் 7 சென்டிமீட்டர் நீளம்; புதிதாக விழுந்தது கறுத்துப் பளபளப்பாகவும், பழையது சாம்பல் நிறத்திலும் இருக்கும். மற்றது புள்ளி ஆந்தை: சிறியது, மரப் பொந்திலும் பழைய சுவர் ஓட்டையிலும் இணையாகத் தங்கும், சாயங்காலமே கத்தத் தொடங்கிவிடும். இதன் உருண்டை சிறியது, தொட்டால் உதிரும், உள்ளே பெரும்பாலும் வண்டு இறக்கையும் பூச்சிக் காலும்தான். பிள்ளைகள் எலும்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எனவே கூகையின் உருண்டையைத் தேடுங்கள்.

ஓட்டுக் கூரை போட்ட பழைய பள்ளிக் கட்டடம், தேவாலயக் கோபுரம், மூடிக்கிடக்கும் ஆலைக் கொட்டகை, தானியக் கிடங்கு ஆகிய இடங்களில் கேட்டுப் பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் எஞ்சியிருக்கும் பனைகளும் பார்க்கத் தக்கவை. எலி மிகுந்த இடத்துக்கு அருகில் உயரமான, இருட்டான, ஆள் நடமாட்டம் இல்லாத மூலைதான் கூகைக்கு வேண்டும். அடையாளம் சுவரில் இருக்கும்: மேலிருந்து சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளை எச்சக் கோடுகள். அதன் நேர் கீழே பாருங்கள். புறா எச்சமும் வெள்ளைதான், ஆனால் அது கும்பலாகக் குவியும்; அந்த இடத்தைக் கிளறாதீர்கள், காய்ந்த புறா எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

யாரைக் கேட்பது? பறவை ஆர்வலர்களைவிட இரவுக் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும்தான் நன்றாகத் தெரியும். ‘இங்கே ஆந்தை இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘ராத்திரியில் சாக்குருவி கத்துமா? கீழே மயிர் உருண்டை கிடந்து கூட்டுகிறீர்களா?’ என்று கேளுங்கள். கூட்டித் தள்ளுபவருக்கு உடனே புரியும்.

சில பொறிகள்:

ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழையாதீர்கள். பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர் வரை பாதையோரம் பழைய கட்டடங்கள் கண்ணில் படும், ஆசையாகவும் இருக்கும். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துறைமுக வளாகத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கிடங்கில் எலி மருந்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். வைத்தால் அந்த இடம் வேண்டாம். மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றிருக்கலாம். அந்த உருண்டையைப் பிள்ளை கையில் கொடுக்க மனம் வராது. மருந்து தின்ற எலி ஆந்தையையும் கொல்லும் என்பதை மேலாளரிடம் பதமாகச் சொல்லிவிட்டு வாருங்கள், கேட்டால் கேட்கட்டும்.

பூனை, நாய், கீரி ஆகியவற்றின் விட்டையை உருண்டை என்று எடுத்துவிடாதீர்கள். இதுதான் மிகப் பெரிய ஆபத்து. விட்டை முனை கூராக, முறுக்கியது போல இருக்கும், நாறும், உள்ளே இருக்கும் எலும்பு கடித்து நொறுங்கியிருக்கும். ஆந்தை உருண்டையின் முனை மழுங்கலாக இருக்கும், காய்ந்ததில் நாற்றமே இராது, எலும்புகள் முழுசாக இருக்கும். ஐயம் வந்தால் விட்டுவிடுங்கள். மீன்கொத்தியும் உருண்டை கக்கும், அதில் நண்டு ஓடும் மீன் முள்ளும் இருக்கும். எண்ணூர் கழிமுகப் பக்கம் கிடைத்தால் அது தனி வகுப்புக்கு நல்ல பொருள்.

கடைசியாக, இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். படம் எடுத்துப் பகிர வேண்டாம். பிள்ளைகளுக்கும் ‘ஒரு பழைய கட்டடம்’ என்பது போதும்.

5. எடுப்பது

அந்தியில், ஆந்தை வேட்டைக்குப் பறந்த பிறகு, முழு இருட்டு விழும் முன் போங்கள். பகலில் போய் அதைக் கலைத்தால் வெளியே பறக்கும். உடனே காகங்கள் சூழ்ந்துகொண்டு கொத்தத் தொடங்கும். மேலே குஞ்சுகள் பாம்பு போலச் சீறும் ஓசை கேட்டால் அந்த இடத்துக்கு இரண்டு மாதம் போகாதீர்கள். டார்ச்சைத் தரையை நோக்கி மட்டும் பிடியுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். காலணி மூடியதாக இருக்கட்டும். பழைய கொட்டகையில் நல்ல பாம்பும் எலி தேடித்தான் வரும். கையுறை, முகக்கவசம் அணிந்து, ஒவ்வோர் உருண்டையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதியை எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். எல்லாவற்றையும் வழித்து எடுக்காதீர்கள், தேவையானது போதும். இறகு கிடந்தால் அழகாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகை வைத்திருப்பது வேறு வழக்கு. இறந்த பறவை கிடந்தால் தொடவே வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை இங்கே அழைத்துப் போகாதீர்கள். கேட்பார்கள், கெஞ்சுவார்கள். கூடாது.

6. தூய்மை செய்வது: இங்கே குறுக்கு வழி கிடையாது

2001இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆந்தை உருண்டையைப் பிரித்துப் பார்த்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே சால்மோனெல்லா தொற்று பரவியது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தரும் கிருமி அது. ஆந்தையின் வயிற்றிலிருந்து வரும் பொருளில் அது இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. வெளிநாடுகளில் வகுப்புக்கென விற்பவர்கள் வெப்பமூட்டித்தான் விற்கிறார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

முதலில் காகித உறையோடு நிழலில் நான்கைந்து நாள் உலர விடுங்கள். எறும்பு வராமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். உலர்ந்ததை ஒவ்வொன்றாக அலுமினியத் தாளில் சுற்றி, மின் அடுப்புப் பெட்டியில், அதாவது கேக் சுடும் அவனில், 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வையுங்கள். வெப்பம் ஏறிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். வெளியே எடுத்து, தாளைப் பிரிக்காமல் ஆறவிட்டு, அப்படியே மூடிய டப்பாவில் போட்டுவிடுங்கள். கருகிய மயிர் வாசம் கொஞ்சம் வரும், சன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் சமைக்கும் அவனில் செய்வதாக இருந்தால் சுற்றிய உருண்டைகளைப் பழைய தட்டில் வைத்து, பிறகு அவனைச் சோப்பு நீரால் துடைத்து, வெறுமனே ஒருமுறை சூடேற்றுங்கள். எனக்கு அதுவும் பிடிக்காது. வீட்டில் சமைப்பவருக்கு இன்னும் பிடிக்காது.

அவன் இல்லாதவர்கள் அருகில் உள்ள கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தை அணுகுங்கள். அங்கே ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவி இருக்கும், 121 டிகிரியில் வேலை செய்யும். காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, 30 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். ஈரமாகத்தான் வரும், வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். பள்ளியின் தலைப்புத்தாளோடு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

செய்யக் கூடாதவை: வெறும் வெயிலில் காயவைப்பது போதாது. மைக்ரோவேவ் வேண்டாம், சமமாகச் சூடேறாது, உலர்ந்த மயிர் தீப்பிடிக்கவும் கூடும். ஃபிரீசரில் வைத்தால் அந்துப்பூச்சிப் புழு சாகும், கிருமி சாகாது. டெட்டால் தெளிப்பது மன ஆறுதலுக்கு மட்டும்.

7. கிடைக்காவிட்டால்: வாங்காதீர்கள், செய்யுங்கள்

வெளிநாட்டு இணையக் கடைகளில் உருண்டைகள் பெட்டியாக விற்பனைக்கு உண்டு. படம் பார்த்ததும் கை பரபரக்கும். விலங்குப் பொருள் இந்தியாவுக்குள் வர மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி கேட்பார்கள். அது இல்லாத பொட்டலம் சுங்கத்தில் நிற்கும். பணமும் போகும், வகுப்பும் போகும். உள்நாட்டில் யாராவது ‘ஆந்தை உருண்டை விற்பனைக்கு’ என்றால், ஆந்தையை அடைத்து வைத்திருக்கிறாரோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

மாற்று வழி எளிது, செலவும் குறைவு. காடை வறுவல் சாப்பிட்ட எலும்புகளைச் சேருங்கள். சோப்புத் தூள் கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஒட்டியிருக்கும் சதையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓர் இரவு ஊறவிட்டு, கழுவி வெயிலில் உலர்த்துங்கள். சாம்பல் நிறப் பஞ்சையோ சணல் நாரையோ நன்றாகப் பிய்த்து, மைதாப் பசை தடவி, ஒரு காடையின் எலும்புகளை உள்ளே வைத்து உருட்டி, இரண்டு நாள் காயவையுங்கள். காடைத் தலை தனியே கிடைக்காது என்பதால் மண்டையோட்டைக் களிமண்ணில் செய்து வைக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் பிள்ளைகளிடம் ‘இது நாங்கள் செய்தது’ என்று சொல்லிவிடுங்கள். எலி என்று பொய் சொல்லி இறக்கை எலும்பைக் காட்டினால், கூர்ந்து பார்க்கும் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

8. பொருட்களும் செலவும்

மழுங்கிய முனை இடுக்கி ஒரு பிள்ளைக்கு ஒன்று. பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் மருத்துவ உபகரணக் கடைகளில் கேளுங்கள். எஃகில் 60 முதல் 100 ரூபாய், பிளாஸ்டிக்கில் அதில் பாதிக்கும் குறைவு. கூர்முனை வாங்காதீர்கள், எலும்பும் குத்துப்பட்டு உடையும், பிள்ளையும் குத்துப்படும். கையுறை சின்ன அளவு தேவை. பெரியவர் அளவு பிள்ளையின் விரலில் தொளதொளத்து இடுக்கி நழுவும். நூறு கொண்ட பெட்டி 350 ரூபாயிலிருந்து கிடைக்கும். பல்குச்சி, கறுப்புச் சார்ட் தாள், வெள்ளைப் பசை, கைப்பூதக்கண்ணாடி, பழைய செய்தித்தாள், முகக்கவசம் ஆகியவை உங்கள் தெருக் கடையிலேயே கிடைக்கும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,000 ரூபாய் எடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு கையுறையும் தாளும் மட்டும் வாங்கினால் போதும்.

9. வகுப்பு நாள்

சாப்பிடும் மேசையில் செய்யாதீர்கள். மதிய உணவு பரிமாறும் கூடமே வகுப்பாக இருந்தால் உணவுக்குப் பிறகு, பிள்ளைகள் வீடு திரும்பும் முன், தரையில் பாய் இல்லாமல் செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிப்ரவரி என்றாலும் வேர்க்கும். ஆனால் விசிறி சுற்றினால் மயிரும் விலா எலும்பும் பறந்துவிடும். ஒன்றே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

தொடங்கியதும் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம் உருண்டையை வெறுமனே பார்க்கட்டும், அளக்கட்டும், உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்து எழுதட்டும். ‘இது பீ இல்லையா?’ என்று ஒருவர் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

பிறகு உருண்டையை இரு விரலால் மெல்ல இழுத்து இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இறுகியிருந்தால் நாலு சொட்டு வெந்நீர் விடலாம். முழுதாக ஊறவைத்தால் சேறாகி வாசம் வரும். மயிரை எலும்பிலிருந்து எடுப்பதைவிட எலும்பை மயிரிலிருந்து எடுப்பது பிள்ளைகளுக்கு எளிது. மண்டையோடு தென்பட்டதும் மற்றதை நிறுத்திவிட்டு அதை மட்டும் பல்குச்சியால் விடுவிக்கட்டும். மேல்தாடையிலிருந்து மூக்கெலும்பு வரை முட்டை ஓட்டைப் போல மெல்லியது. கிடைத்ததைக் கறுப்புத் தாளில் வரிசையாக வைக்கட்டும். ஒட்டுவது கடைசியில்தான், அவசரப்பட்டு ஒட்டிய தொடை எலும்பு கைப்பக்கம் நிற்கும்.

10. எது எந்த எலும்பு

பல்லிலிருந்து தொடங்குங்கள். முன்பற்கள் நீண்டு வளைந்து, முன்புறம் ஆரஞ்சு நிறமாக இருந்தால் எலி அல்லது சுண்டெலி. அந்த நிறம் பல் எனாமலில் உள்ள இரும்பினால் வருகிறது, அழுக்கு இல்லை. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லாமல் வெள்ளையாகக் கூர் கூராகப் பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் வேறு குடும்பம். ‘பிள்ளையார் வாகனத்தையா ஆந்தை தின்றது?’ என்று கண்கலங்கும் பிள்ளை உண்டு. மழுப்பாதீர்கள். ஆந்தைக்கும் பசிக்கும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள், பெரியவர்கள்தான் திணறுகிறோம்.

அலகு இருந்தால் பறவை. கோரைப்பல் நீண்ட சின்னஞ்சிறு மண்டையோடு என்றால் வௌவால். முக்கோணத் தகடு போன்றது தோள்பட்டை எலும்பு. நடுவில் ஓட்டையுள்ள நீள்வடிவம் இடுப்பெலும்பு. ஊசி போல வளைந்தவை விலா எலும்புகள். முள்ளெலும்புகள் ஏராளம் கிடைக்கும்; அவற்றைக் கோத்து வாலை உருவாக்குவதில் சில பிள்ளைகள் அரை மணி நேரம் மூழ்கிவிடுவார்கள். தடுக்காதீர்கள், மற்றவர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுங்கள்.

எத்தனை இரை என்று எண்ண மண்டையோட்டை மட்டும் நம்ப வேண்டாம், அது நொறுங்கியிருக்கலாம். கீழ்த்தாடைகளை இடம், வலம் என்று பிரித்து, எது அதிகமோ அந்த எண்ணிக்கையை எடுங்கள். இடத்தாடை மூன்று, வலத்தாடை இரண்டு என்றால் குறைந்தது மூன்று எலிகள். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள், கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

11. முடிந்த பிறகு

கையுறையை உட்புறம் வெளியே வருமாறு கழற்றக் கற்றுக்கொடுங்கள். சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும், நகத்திடுக்கு உட்பட. கழுவும் வரை தின்பண்டம் கண்ணில் படக் கூடாது. மயிர், கையுறை, செய்தித்தாள் ஆகியவற்றை இரண்டு பைகளில் கட்டி, மறுநாள் காலை குப்பை வண்டியில் நேரே கொடுங்கள். தெருவோரத் தொட்டியில் போட்டால் நாய் கிழித்துவிடும். தரையையும் இடுக்கிகளையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் விட்டுப் பிறகு கழுவுங்கள்.

ஒட்டிய சார்ட்டுகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தம்பி, தங்கை வாயில் வைப்பார்கள், அல்லது பாட்டி வாசலில் நிறுத்திவிடுவார். வகுப்பில் கண்ணாடித் தாள் போட்டு மூடி மாட்டுங்கள். மீந்த உருண்டைகளை இறுக்கமான மூடி போட்ட போத்தலில் நாஃப்தலின் உருண்டையோடு வைத்தால் அந்துப்பூச்சி வராது. வனத்துறைக்குக் கடிதத்தில் என்ன சொன்னீர்களோ அதன்படியே மிச்சத்தைச் செய்யுங்கள். எடுத்தது எத்தனை, பயன்படுத்தியது எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக் கடிதம் எழுத எளிதாக இருக்கும்.

ஓரிரு வாரத்துக்குள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், அங்குள்ள பெரிய எலும்புக்கூடுகளில் தாங்கள் கண்ட தோள்பட்டையையும் இடுப்பையும் தேடுவார்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.